இலைக்குள் தொலைந்த பெயர்கள்

நலங்குமாவும் குப்பைமேனி சோப்பும் வீட்டிலேயே செய்து விற்கும் பெண்கள் தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சரக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் லோகோவும் எழுத்தும் காலை வாருகின்றன. ஒரு சின்ன லேபிளுக்குப் பின்னால் இவ்வளவு விஷயமா என்று கேட்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

"எக்கா, இந்த இலை போதுமா? இன்னும் ரெண்டு சேர்க்கவா?"

திருவேங்கடத்தில் ஒரு டி.டி.பி. கடை. சுவரில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸ், ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர் மவுஸை உருட்டுகிறார். பக்கத்து ஸ்டூலில் கட்டைப்பையை மடியில் வைத்தபடி ஓர் அக்கா. பைக்குள் ஜிப்லாக் கவர்களில் நலங்குமாவு. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் சேர்த்து மில்லில் கொடுத்து அரைத்தது. பையைத் திறந்ததும் கடை முழுக்க அந்த வாசனை.

"இலை இருந்தாத்தான தம்பி இயற்கைனு தெரியும்? சேரு."

திரையில் வட்டம், வட்டத்தைச் சுற்றி இலைகள். நடுவில் கையெழுத்துப் போல வளைந்து ஓடும் மெல்லிய ஆங்கில எழுத்தில் பெயர். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். "அழகாத்தான் இருக்கு. ஆனா எங்கிட்ட வாங்குற மதினிமாருக்கு இதைப் படிக்க வராதே. தமிழ்ல எழுத முடியாதா?"

"தமிழ்ல போட்டா லுக் வராதுக்கா."

கோவில்பட்டி, சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று எந்த ஊர் டி.டி.பி. கடையில் நின்றாலும் இந்தப் பதில் காதில் விழும். சொல்பவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. அவர் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துகள் இருபது வருடப் பழசு. அவற்றை வைத்து அவர் பார்த்த லேபிள்களுக்கு உண்மையிலேயே 'லுக்' வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி முடிவெடுப்பதால் விற்பவர் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல.

மார்க் சொல்லி வாங்கிய சனங்கள்

திருவேங்கடத்துக்குப் பக்கத்தில்தான் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அந்தத் தேவையில் வளர்ந்ததுதான் சிவகாசியின் அச்சுத் தொழில்.

அந்த லேபிள்களை வரைந்தவர்கள் வாங்குபவரை நன்றாக அறிந்தவர்கள். படிக்கத் தெரியாதவரும் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதனால் சேவல், அணில் என்று வாயில் நுழைகிற, கண்ணில் நிற்கிற ஓர் உருவம். 'சேவல் மார்க் குடுங்க' என்றால் வேலை முடிந்தது. லோகோ என்று நாம் இப்போது சொல்வதை அன்றைக்கு மார்க் என்றார்கள். மஞ்சள் வாங்கும்போது கோபுரம் படத்தைத் தேடும் கண்கள் இன்றும் அப்படித்தான் வாங்குகின்றன.

சருமப் பொருள்களிலும் நிலைத்தவை எல்லாம் தமக்கென்று ஓர் உருவம் வைத்திருந்தவை. முதல் உலகப் போரால் சந்தனக்கட்டை ஏற்றுமதி முடங்கியபோது, தேங்கிய கட்டையிலிருந்து எண்ணெய் எடுத்து, 1916இல் மைசூர் சமஸ்தானம் தொடங்கிய முயற்சி மைசூர் சாண்டல் சோப்பாக ஆனது. லண்டனுக்குப் போய்ப் படித்துவந்த சோசலே கரளபுரி சாஸ்திரி அதை நீள்வட்டமாக வார்க்கச் செய்தார். நகைப்பெட்டி போன்ற அட்டைப்பெட்டி, யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம். நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தச் சரபத்தை யாரும் 'நவீனப்படுத்தி' எறிந்துவிடவில்லை. 2006இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

இன்றைக்கு வீட்டில் சோப்பு காய்ச்சும் பெண்களுக்கு இன்னும் நெருக்கமானது மெடிமிக்ஸ் கதை. ரயில்வே மருத்துவர் வி.பி.சித்தன், தோல் உபாதைகளோடு வந்த ரயில்வே தொழிலாளர்களுக்காகப் பதினெட்டு மூலிகைகளைச் சேர்த்து 1969இல் சென்னையில் தன் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய சோப்பு அது. வீட்டு அடுப்பில் பிறந்த ஒரு பொருள் நாடு முழுக்கப் போக முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சங்கரன்கோவில் புற்றுமண்ணுக்கு லேபிளே இல்லை. சங்கரநாராயணர் கோயில் பிரசாதமான அந்த மண்ணைத் தோல் நோய் தீரும் என்று நம்பிப் பூசுகிறார்கள். ஊர்ப்பெயரும் நம்பிக்கையும் போதுமாக இருக்கிறது. கோயிலுக்கு அது சரி. ஆனால் புதிதாக ஒரு பொருளைக் கடைக்குக் கொண்டுவருபவர் முதல் நாளிலிருந்தே அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு அவர் கையில் இருப்பது உள்ளங்கை அகல லேபிள் மட்டும்தான்.

எல்லா டப்பாவிலும் ஒரே இலை

கண்காட்சி ஸ்டால்களிலும் மருந்துக்கடை அலமாரிகளிலும் இயற்கை அழகுப் பொருள்களை வரிசையாகப் பாருங்கள். வெளிர்பச்சை, இரண்டு இலை, ஒரு துளி, நூல் போன்ற ஆங்கில எழுத்து. இரண்டடி தள்ளி நின்றால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. போன மாதம் வாங்கிய அதே நலங்குமாவைத் தேடி வரும் பெண், பக்கத்து டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பிடித்த பொருளுக்கு அவரால் பெயர் சொல்ல முடியாதபோது, பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்லி அனுப்புவார்?

இந்த ஒற்றுமைக்கு முக்கியக் காரணம் மொபைல் செயலிகள். கேன்வா போன்றவற்றில் 'நேச்சுரல்' என்று தேடினால் தயார் நிலையில் நூறு லோகோ வருகிறது. செலவில்லை, பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. ஆனால் அந்த டெம்ப்ளேட்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்களுக்கு மட்டும் என்று உரிமை கோர முடியாது. நாளைக்கு அதே இலையோடு ஒருவர் பக்கத்துத் தெருவில் கடை விரித்தால் வாய்மூடி நிற்க வேண்டியதுதான்.

இலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த இலை என்று கேட்கிறேன். கரிசல்காட்டில் மழை பெய்த கையோடு பூத்து நிற்கும் ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ், இதழில் சுருக்கம், வளைந்த மகரந்தத் தண்டு. அதைப் பார்த்து ஒருவர் வரைந்தால் அது உலகத்தில் வேறெந்த டெம்ப்ளேட்டிலும் இருக்காது. குப்பைமேனி இலையின் ரம்ப ஓரமும் அப்படித்தான். பெயர் தெரியாத பொது இலையை ஒட்டிவைப்பதைவிட, பையில் உண்மையில் இருக்கும் செடியை வரையச் சொல்வது விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் செய்தி.

இன்னொரு கோணமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் 'கிரீன்வாஷிங்' தடுப்பு நெறிமுறைகளை வெளியிட்டது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பொருளில் 'நேச்சுரல்', 'ஆர்கானிக்' போன்ற பொதுச் சொற்களைப் போட்டால் விளக்கமும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். கெடுதலை மறைத்து நல்லதை மட்டும் பெரிதாக்கும் சொல்லும் சின்னமும் படமும் கிரீன்வாஷிங் வரையறைக்குள் வருகின்றன. பச்சை வண்ணம் பூசியதற்காகவோ பொதுவாக ஓர் இலையைப் போட்டதற்காகவோ மட்டும் யாரையும் பிடிக்க மாட்டார்கள். செயற்கை வாசனையும் நிறமும் கலந்துவிட்டு மேலே காட்டை வரைந்து வைப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

புள்ளி விழுந்துபோன சோப்பு

இனி எழுத்துக்கு வருவோம். நம் ஊர்களில் அதிகம் பணம் வீணாகும் இடம் இதுதான்.

டி.டி.பி. கடைகளில் இன்னமும் ஓடுவது பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் பெயர் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகக் கொட்டும். யூனிகோடில் அடித்ததை இந்திய மொழிகளுக்கு அமைக்கப்படாத பழைய போட்டோஷாப்பில் ஒட்டினால் வேறு விபரீதம்: 'சோப்பு' என்பதில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத ஊரில் டிசைன் செய்த லேபிள்களில் இந்தப் பிழையோடு அச்சான தமிழைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அச்சகத்தில் 'கர்வ் பண்ணிக் கொண்டாங்க' என்று கேட்பது இதற்காகத்தான். எழுத்தைப் படமாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் சிதறாது. ஆனால் கர்வ் செய்த பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. அதற்கு முன்பே வீட்டில் தமிழ் நன்றாகப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட வேண்டும். திருத்தக்கூடிய மூல ஃபைலையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மை. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். ஐம்பது கிராம் டப்பாவின் ஸ்டிக்கரில் அது கடுகளவு ஆகிவிடும். தமிழில் சுழி அதிகம். மெல்லிய எழுத்தாக இருந்தால் 'ண', 'ஞ' போன்றவற்றின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மை அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம் புள்ளி. கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 'குப்பைமேனி' என்று போட்டால், நாலாபக்கமும் இருந்து மை பரவி முதலில் மூடுவது 'ப்' மேலுள்ள புள்ளியைத்தான். ஆயிரம் லேபிளும் 'குபபைமேனி' என்று வந்து நிற்கும். அச்சகத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது; ஃபைலில் இருந்தது அவ்வளவு சின்னப் புள்ளி.

கரும்பச்சையே நீலமும் மஞ்சளும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருவது. மயிரிழை விலகினாலும் பொடி எழுத்துக்கு நிழல் தட்டும். அதனால் சிறிய எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றிலேயே, வெளிர் பின்னணியில் போடச் சொல்லுங்கள். ஃபைலை ஒப்படைக்கும் முன் லேபிளை அதன் உண்மை அளவிலேயே சாதாரணத் தாளில் பிரின்ட் எடுத்து, டப்பாவில் ஒட்டி, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடும் அம்மாவிடமும் கொடுங்கள். அவர் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

ஸ்டிக்கரின் தாளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் இருக்கப்போகும் பொருளுக்குச் சாதாரணக் காகித ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு வாரத்தில் உரியும். சோப்பிலும் எண்ணெயிலும் கசியும் பசை பட்டால் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி எழுத்து மங்கும். சிந்தெடிக் ஸ்டிக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமில்லை.

■ பெட்டிச் செய்தி: காசில்லாமல் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துகள்

'தமிழில் எழுத்துரு இல்லை' என்ற காலம் போய்விட்டது. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இவை கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது.

பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரன்' ஒரே குடும்பத்தில் மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை தருகிறது. ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறுத்தாது. மும்பை 'ஏக் டைப்' குழுவின் 'முக்தா மலர்' பொடி எழுத்துக்கு நல்லது. அவர்களுடைய 'பலூ தம்பி' உருண்டு திரண்டது, பெயருக்குப் பெரிதாகப் போடலாம். 2022இல் வந்த 'அனேக் தமிழ்' எழுத்தை ஒடுக்கவும் அகலப்படுத்தவும் இடம் தருவதால் நீளமான தமிழ்ப் பெயர்களுக்குக் கைகொடுக்கும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'இணைமதி' மட்டும் கூகுள் தளத்தில் இல்லை; ஆப்பிள் கணினிகளில் கூடவே வருகிறது.

கல்லில் வெட்டிய பெயர்கள்

'தமிழ்ல லுக் வராது' என்பவர்களுக்கு விகடன், குமுதம், ஆவின் என்ற மூன்று பெயர்களைச் சொல்வேன். ஓடும் பேருந்திலிருந்து பார்த்தாலும் அந்த எழுத்தின் உருவமே பெயரைச் சொல்லிவிடும். அவை ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை அல்ல. அந்தப் பெயருக்கென்றே உருவம் பெற்றவை.

திருவேங்கடத்துக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கழுகுமலையில் வெட்டுவான் கோயில் உள்ள அதே குன்றில், சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும் பாறையில், சிற்பங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அந்த உருவத்தைச் செய்வித்தவர் யார், எந்த ஊர் என்று சொல்பவை அவற்றில் பல. பெண்களின் பெயர்களும் தொழில் செய்வோரின் பெயர்களும் இருக்கின்றன. உருண்டு வளையும் அந்த வட்டெழுத்து பாண்டிய நாட்டில் வழங்கிய எழுத்து. இன்று அதை அப்படியே போட்டால் யாராலும் படிக்க முடியாது. ஆனால் அந்த வளைவைக் கண்ணில் வாங்கி இன்றைய தமிழ் எழுத்தில் ஒரு பெயரை வரையும் ஓவியர் கிடைத்தால், கரிசல்காட்டு நலங்குமாவுக்கு அதைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது. சிவகாசியில் கையால் லேபிள் வரைந்து பழகியவர்களின் வாரிசுகள் இருக்கும் ஊர்ப்பக்கம் இது. கொஞ்சம் தேடினால் கிடைப்பார்.

அதற்காக ஆங்கிலத்தைத் துரத்திவிட முடியாது. கடைப் பலகையில் தமிழ் முதலிடத்திலும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் 5:3:2 என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசின் விதி சொல்கிறது. பொட்டல விதியோ நேர்மாறு. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் மட்டும் எடையும் விலையும் போட்டால் அது சட்டப்படி போதாது. இது எனக்கு வருத்தமான விஷயம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் முகத்தில் பூசும் பொருளின் விவரம் அவர் மொழியில் இருப்பது கட்டாயமாக வேண்டும். அது நடக்கும் வரை, பெயரைத் தமிழில் பெரிதாகவும், விவரங்களை இரண்டு மொழியிலும் போடுவதே வழி.

■ பெட்டிச் செய்தி: லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்?

பொருளின் பெயர், தயாரிப்பவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அனைத்து வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கத் தொடர்பு விவரம். அழகுப் பொருள் என்பதால் தொகுதி எண், உற்பத்தி உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், சேர்மானங்களின் பட்டியல் ஆகியவையும் வேண்டும். சேர்மானங்களை அதிகம் உள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். டிசைன் தொடங்கும்போதே இவற்றுக்கு இடம் ஒதுக்காவிட்டால், கடைசியில் இலைக்கு இடுக்கில் இவற்றைத் திணிக்க நேரும்.

உரிமம் இல்லாத அழகு

'உற்பத்தி உரிம எண்' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறும். விற்பனைக்காக அழகுப் பொருள் தயாரிக்க உரிமம் கட்டாயம். 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின் கீழ் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைத் தருகிறது. சோப்புக்கும் இது பொருந்தும். தனக்கென்று இடமும் சாதனமும் இல்லாதவர், உரிமம் பெற்ற ஒருவரின் தொழிற்கூடத்தில் செய்துகொள்ளும் 'லோன் லைசென்ஸ்' வழியும் இருக்கிறது. லோகோவுக்குச் செலவழிக்கும் முன் இதை விசாரித்துவிட வேண்டும். உரிமம் வாங்கும்போது முகவரி மாறினாலோ பெயர் மாறினாலோ அடித்த லேபிள் எல்லாம் வீண்.

லேபிளில் ஒரு சொல் தவறினாலும் விவகாரம் பெரிதாகும். 'சருமம் பொலிவு பெறும்' என்பது அழகுப் பொருள் பேசும் பேச்சு. 'படை, சொறி, வெண்புள்ளி குணமாகும்' என்று எழுதினால் பொருளே மருந்தாகிவிடுகிறது. அதற்கு வேறு உரிமம். வெண்புள்ளி போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

நம் பெண்கள் தேர்ந்தெடுக்கும் பெயர்களைப் பாருங்கள்: 'ஆவாரம்', 'மூலிகை', 'இயற்கை', அல்லது சாமி பெயர். பொருளை அப்படியே விவரிக்கும் சொல்லையும், ஊரை மட்டும் குறிக்கும் பெயரையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது கடினம். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் ஒன்பதாம் பிரிவில் இதைச் சொல்கிறது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனக்கு மட்டும் சொந்தமாக்கக் கேட்டவரை 2015இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கோமதி அம்மன் பெயரை வைத்தால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் எத்தனை பேரோடு பங்குபோட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சோப்பு உறையில் சாமி படம் போட்டால் அது குளியலறைக் குப்பைக்கூடையில் போய் விழும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பெரிய கம்பெனியின் தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுவதும் ஆபத்து. பார்லே பிஸ்கட் உறையின் சாயலில் மைசூர் நிறுவனம் ஒன்று போட்ட உறை குறித்த வழக்கில், இரண்டையும் பக்கத்தில் வைத்து நுணுக்கமாக ஒப்பிடக் கூடாது, வாங்குபவர் மனதில் நிற்கும் மொத்தத் தோற்றம் ஏமாற்றுகிறதா என்றே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் சொல்லிவிட்டது. நிறமும் படமும் அடுக்கிய விதமும் கணக்கில் வரும்.

■ பெட்டிச் செய்தி: டிரேட்மார்க் சுருக்கமாக

அழகுப் பொருளும் சோப்பும் மூன்றாம் வகுப்பு. மருந்து ஐந்தாம் வகுப்பு. தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. விளம்பரப்படுத்திய பிறகு நான்கு மாதம் மற்றவர்கள் ஆட்சேபிக்கலாம். பதிவு பத்தாண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். நிறம் குறிப்பிடாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு. பதிவாகும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது சட்டப்படி தவறு. அபராதம் கட்ட நேரும். விண்ணப்பித்தவர் 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம். லோகோ வரைந்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டால் அது நமக்குச் சொந்தம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி இல்லை. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாத வெளியாள் வரைந்த லோகோவுக்கு அவரே முதல் உரிமையாளர். எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை உங்களுக்கு மாறும். அந்தக் காகிதத்தில் எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டோடு முடிந்துவிடும். எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்குப் பார்சல் அனுப்பி வளர நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. டி.டி.பி. கடைத் தம்பியோ சிவகாசி ஓவியரோ, வேலை முடிந்து பணம் கைமாறும் அன்றைக்கே, 'இந்த லோகோவின் முழு உரிமையையும் பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் உலகம் முழுமைக்கும் இன்னாருக்கு, இவ்வளவு தொகைக்கு எழுதிக் கொடுக்கிறேன்' என்று லோகோவையும் அதே தாளில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கி, மூல ஃபைலையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குங்கள்.